பம்ப் ஓடுகிறது, வண்டி ஓடவில்லை

காலையில் தானே ஓடிவந்து ஒர்க்‌ஷாப்பில் நின்ற கார் அது. குறை சின்னதுதான்: மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை, வேகம் எடுத்தால் திணறுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் தேய்ந்துவிட்டது என்றார். புதிது போட்டார். மாலையில் சாவியைத் திருகினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் பிடிக்கவில்லை. தேய்ந்த பம்போடு ஓடிய வண்டி, புதுப் பம்போடு ஏன் ஓட மறுக்கிறது?

கார் வைத்திருக்கும் பலருக்கு ஒருமுறையாவது இந்த மாலை வாய்த்திருக்கும். அப்போது மெக்கானிக் சொல்லக்கூடிய வாக்கியமும் ஏறக்குறைய ஒன்றுதான்: “பம்ப் ஓடுது சார், சத்தம் கேளுங்க. பெட்ரோல் வந்துருச்சு. இனிமே கரண்ட்லதான் ஏதோ இருக்கு.”

இதில் முதல் பகுதி உண்மை. பம்ப் ஓடுகிறது. ஆனால் அதிலிருந்து ‘பெட்ரோல் வந்துருச்சு’ என்ற இடத்துக்கு அவர் ஒரே தாவாகத் தாவிவிட்டார். நடுவில் உள்ள பள்ளத்தில்தான் வண்டி நிற்கிறது.

எரிய எவ்வளவு வேண்டும்

பெட்ரோல் இன்ஜின் கிளம்ப நான்கு விஷயங்கள் கூடிவர வேண்டும். காற்று, பெட்ரோல், இரண்டையும் சிலிண்டருக்குள் இறுக்கும் அமுக்கம், தக்க தருணத்தில் பிளக்கில் ஒரு பொறி. இதில் பெட்ரோலின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. அதையே கொள்ளளவாக மாற்றினால், 1 லிட்டர் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை.

இந்த விகிதம் கொஞ்சம் முன்பின் போனாலும் எரியும். ரொம்பப் போனால் எரியாது. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொறி பட்டும் பற்றாது, சுமார் 7.6 சதவீதத்துக்கு மேலே போனாலும் பற்றாது. இந்த இரண்டாவது எல்லை பலருக்கு நம்பக் கடினமானது. பெட்ரோல் கூடக்கூட ஆபத்துத்தானே கூட வேண்டும்? ஆனால் எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆவி இடத்தை அடைத்துக்கொண்டால் ஆக்சிஜனுக்கு இடமில்லை. கரி பிரஷ்களில் நுண்பொறி பறக்கும் ஒரு மின்மோட்டாரைப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே முக்கி வைக்கும் துணிச்சல் இதிலிருந்துதான் வருகிறது. மோட்டாரைச் சுற்றித் திரவம், திரவத்துக்கு மேல் மிதமிஞ்சிய ஆவி. பொறிக்குப் பற்ற இடமே கிடையாது. அந்தப் பெட்ரோல்தான் மோட்டாரைக் குளிர்விக்கவும் செய்கிறது. எப்போதும் ரிசர்விலேயே வண்டி ஓட்டுபவர்களின் பம்ப் சீக்கிரம் போவதற்கு இது ஒரு காரணம்.

சரி, அந்தச் சிறு அளவை யார் அளந்து ஊற்றுகிறார்கள்? இன்ஜெக்டர். மின்சாரம் பட்டால் திறந்து, நின்றால் மூடும் நுண்ணிய தெளிப்பான் அது. எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி திறந்திருக்க வேண்டும் என்பதை இன்ஜின் கணினி முடிவு செய்கிறது. ஆனால் எத்தனை துளி வெளியே போனது என்று அது அளப்பதில்லை. நம் சாலைகளில் ஓடும் சாதாரண பெட்ரோல் கார்கள் பலவற்றில் பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் உணரியே கிடையாது. குழாயில் 3 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தைப்போல மூன்று மடங்கு, இருக்கிறது என்று நம்பி அது கணக்குப் போடுகிறது. நம்பிக்கை பொய்த்தால் கணக்கும் பொய். அழுத்தம் கால்வாசியானால் வெளியேறும் பெட்ரோல் பாதியாகக் குறையும். அளவு மட்டுமல்ல, வடிவமும் கெடும்: புகைபோல விசிற வேண்டியது சொட்டாக வழியும். திரவப் பெட்ரோல் எரியாது, அதன் ஆவிதான் எரியும்.

பம்ப் ஏன் டேங்குக்குள் போனது

1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. கார்புரேட்டர் வண்டி அது. பம்ப் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். கழற்றுவது சுலபம், கையில் வைத்து அமுக்கிப் பார்த்தே சோதித்துவிடலாம்.

உறிஞ்சுவதில் ஒரு கேடு உண்டு. உறிஞ்சினால் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் திரவம் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 35 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சென்னையின் மே மாத வெயிலில், நெரிசலில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழாயிலேயே குமிழி கட்டி வண்டி நின்றுவிடும். பானட்டைத் திறந்து ஈரத்துணி போட்டுக் காத்திருந்த தலைமுறை இதை அறியும்.

மருந்து எளிது: உறிஞ்சாதே, தள்ளு. டேங்குக்குள்ளிருந்தே அழுத்தத்தோடு தள்ளினால் வழியில் கொதிக்காது. இன்ஜெக்டருக்கும் அந்த அழுத்தம் தேவை. போஷ் நிறுவனத்தின் மின்னணுத் தெளிப்பு முறை 1967இலேயே ஃபோக்ஸ்வாகன் 1600இல் வந்துவிட்டது. இந்தியாவில் 2000 வாக்கில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோதுதான் கார்புரேட்டர் விடைபெற்றது.

இதற்கு நாம் கொடுத்த விலை, பம்பைத் தொட வேண்டுமானால் டேங்கைத் திறக்க வேண்டும் என்பது.

கடைசியாகக் கை பட்ட இடங்கள்

பின்சீட்டைத் தூக்கி, வட்ட மூடியைத் திறந்து, பம்பை அதன் கூட்டோடு வெளியே எடுக்கும் வேலையில் எத்தனை பொருள்கள் அசைகின்றன என்று பாருங்கள். முதலில் பம்ப் ஃபியூஸ்: குழாயில் தேங்கிய அழுத்தத்தை இறக்க, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை அதுவாக அணையும்வரை ஓடவிடுவது முறையான வழக்கம். அந்த ஃபியூஸ் மெக்கானிக்கின் சட்டைப்பையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. அப்புறம் பேட்டரி டெர்மினல், ஒயர் சாக்கெட், போகும் ஹோஸ், சில வண்டிகளில் திரும்பி வரும் ஹோஸ், மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் வளையம், பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் மெல்லிய கம்பி.

கம்பி கொஞ்சம் வளைந்தால் போதும், காலி டேங்கை மீட்டர் கால் டேங்க் என்று காட்டும். ஆகவே முதல் கேள்வி வெட்கப்படாமல் கேட்க வேண்டியது: உள்ளே பெட்ரோல் இருக்கிறதா? வேலைக்காக வடித்தவர் திரும்ப ஊற்றினாரா? டேங்கைக் கழுவியிருந்தால் இன்னொரு கேள்வியும் சேரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் போய்ப் படுக்கும். பம்பின் வாய் இருப்பதும் அடியில்தான். இப்போதைய பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு தனி அடுக்காகக் கீழே இறங்கிவிடும். இன்ஜினுக்கு முதலில் போவது அந்த அடுக்குத்தான்.

வண்டி உரிமையாளர் முதலில் சந்தேகப்படுவது புதுப் பம்பை. ‘டூப்ளிகேட் போட்டுட்டாங்க.’ இருக்கலாம். ஆனால் சந்தேகப் பட்டியலில் அதைக் கடைசியில் வைப்பேன். பொருளைவிட அதை இணைத்த இடங்கள் அதிகம். பொருள் தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டு வருகிறது, இணைப்பு அந்த மதியம் அவசரத்தில் நடந்தது.

44 மில்லி கணக்கு

எல்லாம் சரியாக மாட்டப்பட்டிருந்தாலும் முதல் திருகலில் வண்டி கிளம்பாமல் போக நியாயமான காரணம் ஒன்று உண்டு. சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்தால் கணினி பம்பைச் சுமார் 2 வினாடி மட்டும் ஓடவிடும். இன்ஜின் சுழலும் செய்தி வராவிட்டால் நிறுத்திவிடும். விபத்தில் குழாய் அறுந்தால் பம்ப் பெட்ரோலைச் சாலையில் ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

மணிக்கு 80 லிட்டர் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். 2 வினாடியில் அது தள்ளுவது சுமார் 44 மில்லி. டேங்கிலிருந்து இன்ஜின்வரை குழாய் 4 மீட்டர், உள்விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் அதன் கொள்ளளவு சுமார் 113 மில்லி. காலியான குழாயை நிரப்பவே மூன்று முறை சாவியை ஆன் செய்ய வேண்டும். நடுவில் ஃபில்டரும் மாற்றப்பட்டிருந்தால் இன்னும் இரண்டு, மூன்று முறை. இது தெரியாதவர் முதல் திருகலிலேயே செல்ஃபை விடாமல் அடிப்பார். பம்ப் அப்போதும் ஓடும், குழாயும் நிரம்பும். ஆனால் பேட்டரி அந்த வேலைக்கு நடுவிலேயே களைத்துவிடும். செல்ஃப் சுற்றும்போது மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பம்ப் மெதுவாகும், பொறி பலவீனமாகும், சில கணினிகள் குழம்பும். ஒரு கோளாறைத் தேடப்போய் இரண்டாவது கோளாறைச் செய்து வைக்கிற கதை.

நம் கதையின் காரில் சாவியை ஐந்தாறு முறை ஆன், ஆஃப் செய்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் பின்சீட்டுக்கு அடியில் 2 வினாடி ‘ம்ம்ம்’ கேட்கிறது. டேங்கில் 10 லிட்டர் புதுப் பெட்ரோல். பேட்டரிக்கு வெளியிலிருந்து சார்ஜர் கொடுத்தாயிற்று. இன்னும் கிளம்பவில்லை.

பாதி வண்டியை ஒதுக்கும் சோதனை

இந்த இடத்தில்தான் பல ஒர்க்‌ஷாப்களில் ஊகம் தொடங்குகிறது. பிளக்கை மாற்று, காயிலை மாற்று, சென்சாரை மாற்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளைத்தான் விசாரிக்கிறது, அதற்கும் பணம் கேட்கிறது. அதைவிட, ஒரே பதிலில் பாதி வண்டியை ஒதுக்கித்தள்ளும் கேள்வியைத் தேட வேண்டும்.

அப்படி ஒரு கேள்வி இருக்கிறது. வழக்கமான வழியில் அல்லாமல், வேறு வழியில் கொஞ்சம் எரிபொருள் கொடுத்தால் இன்ஜின் பிடிக்குமா? காற்று போகும் குழாயில் எளிதில் தீப்பற்றும் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு வினாடி அடித்துவிட்டு, கேனைத் தூர வைத்து, குழாயை மாட்டிவிட்டுச் செல்ஃப் கொடுப்பார்கள். (பாட்டிலிலிருந்து பெட்ரோலை ஊற்றும் பழக்கத்தைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள், இன்ஜின் பின்னோக்கி வெடித்தால் தீ நேராக அந்தக் கைக்கு வரும். டீசல் வண்டியில் ஸ்ப்ரேயே கூடாது.)

நம் கார் இரண்டு வினாடி உறுமிவிட்டு அணைந்தது.

அந்த இரண்டு வினாடிக்குள் எத்தனை விஷயம் தெரிந்துவிட்டது! பிளக்கில் பொறி வருகிறது. சரியான நேரத்தில் வருகிறது. அப்படியென்றால் இன்ஜின் எந்த நிலையில் சுழல்கிறது என்று கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் நலம். டைமிங் செயின் நலம். அமுக்கம் போதும். காற்று வழி திறந்திருக்கிறது. ‘கரண்ட்ல ஏதோ’ என்ற வாதம் இத்துடன் முடிந்தது. திருட்டுத் தடுப்புச் சாவி மட்டும் ஒரு விதிவிலக்கு: சில வண்டிகளில் அது பொறியை விட்டுவிட்டு இன்ஜெக்டரை மட்டும் முடக்கும். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டவில்லை என்பதால் அதையும் விடலாம். கழற்றிப் பார்த்த பிளக்கும் இதையே சொல்கிறது: நனையவில்லை, பெட்ரோல் வாடையே இல்லை.

ஆக, பம்ப் ஓடியும் பெட்ரோல் வரவில்லை.

முள் சொன்ன சாட்சி

இனி அழுத்தமானி. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாயில் அதை மாட்டிச் சாவியை ஆன் செய்தால் முள் 3 பாரில் போய் நிற்க வேண்டும். நின்றது 0.3இல். பம்பின் சத்தத்தில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

சத்தம் எதை நிரூபிக்கிறது? ஃபியூஸ், ரிலே, ஒயர் எல்லாம் மின்சாரத்தைக் கொண்டுவருகின்றன, மோட்டார் சுழல்கிறது என்பதை. பெட்ரோல் நகர்கிறது என்பதை அல்ல. அழுத்தம் இல்லாமல் மோட்டார் மட்டும் சுழல மூன்று வழிகள் உண்டு. வழியில் எங்கோ அடைப்பு. பம்புக்கும் கூட்டின் வெளிவாய்க்கும் நடுவிலுள்ள சின்ன ஹோஸ் கழன்று, பெட்ரோல் டேங்குக்குள்ளேயே சுற்றிவருவது. அல்லது மோட்டார் தலைகீழாகச் சுழல்வது.

தலைகீழாகச் சுழலுமா? வீட்டு மின்விசிறியின் பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும், மாறுதிசை மின்சாரம் என்பதால். காரில் இருப்பது நேர்மின்சாரம், பம்பில் இருப்பது நிலைக்காந்த மோட்டார். பாசிட்டிவையும் நெகட்டிவையும் இடம் மாற்றினால் அது மறுக்காமல், அதே ‘ம்ம்ம்’ சத்தத்தோடு எதிர்த்திசையில் சுற்றும். ஒரு திசைக்காக வடிவமைத்த பம்பின் சக்கரம் மறுதிசையில் சுற்றினால் பெட்ரோலைக் கலக்கும், தள்ளாது.

அடைப்பை ஒதுக்குவது சுலபம். பம்ப் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டினால் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று தெரியும். வழக்கமாக 4, 5 ஆம்பியர். எதிரே அடைப்பு இருந்தால் மோட்டார் முக்கும், மின்சாரம் கூடும். இங்கே 2 ஆம்பியர்தான். எதையும் எதிர்த்துத் தள்ளாமல் சும்மா சுற்றுகிறது. ஆனால் கழன்ற ஹோஸிலும் இப்படித்தான் காட்டும், தலைகீழ் மோட்டாரிலும் இப்படித்தான் காட்டும்.

டேங்கைத் திறக்காமலே இரண்டில் எது என்று கண்டுபிடிக்க முடியும். சாவியை ஆஃப் செய்துவிட்டு, டேங்க் மூடி இறுக்கமாக இருக்கும்போது, சாக்கெட்டில் பம்புக்குப் போகும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றி இணைத்து, அப்புறம்தான் சாவியை ஆன் செய்ய வேண்டும். பொறி டேங்குக்கு மேலே பறக்கக் கூடாது என்பதற்காக இந்த வரிசை. ஹோஸ் கழன்றிருந்தால் எப்படி மாற்றினாலும் முள் அசையாது. மோட்டார் தலைகீழ் என்றால் இப்போது அது நேராகச் சுற்றும்.

முள் ஒரே எட்டில் 3 பாருக்குப் போனது.

திறந்து பார்த்தால் காரணம் கண்ணில் படும். முழுக் கூட்டின் விலை அதிகம் என்று மோட்டாரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது அதுதான், அதில் தப்பும் இல்லை. புது மோட்டாரின் சாக்கெட் பழையதோடு பொருந்தவில்லை. ஒயரை வெட்டி முறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு ஒயரும் கறுப்பு. மோட்டாரின் தலையில் பொடியாகப் பொறித்திருக்கும் கூட்டல் குறியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. ஒட்டிய இடத்தில் சுற்றியிருந்த சாதாரண இன்சுலேஷன் டேப், பெட்ரோலில் பசை கரைந்து, ஒரே நாளில் வழுவழுத்து நழுவியிருக்கிறது. தலைகீழ் இணைப்பு இன்றைய கோளாறு. இந்த டேப் அடுத்த மாதக் கோளாறு.

டீசல் வண்டியில் காற்று

இதே கதை டீசல் வண்டியில் நடந்தால் முதல் சந்தேகம் வேறு. ஃபில்டர் மாற்றிய பிறகு கிளம்பாத பழைய டீசல் காரையோ டிராக்டரையோ பார்த்து, “ஏர் புடிச்சிருச்சுண்ணே, ஏர் எடுக்கணும்” என்று பையன் சொன்னால் அவன் சொல்வது பெரும்பாலும் சரி.

பெட்ரோல் குழாயில் மாட்டிய காற்று இன்ஜெக்டர் வழியாகவே வெளியேறிவிடும்; 3 பார் போதும். டீசலில் தெளிப்பானின் ஊசி விலகவே 150 பார் போல அழுத்தம் வேண்டும். பம்ப் ஒரு தடவைக்குத் தள்ளும் டீசலோ மிகக் கொஞ்சம், சில பத்துக் கன மில்லிமீட்டர். டீசலை அமுக்கினால் அது கிட்டத்தட்டச் சுருங்காது. தள்ளிய தள்ளல் அப்படியே ஊசிக்குப் போகும். காற்று 150 பாரில் நூற்றைம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தால் பம்பின் தள்ளல் முழுவதையும் அதுவே விழுங்கி, பம்ப் பின்வாங்கும்போது மறுபடி விரிந்துகொள்ளும். எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் குமிழி அங்கேயேதான். அதனால்தான் கைப்பம்பை அமுக்கி, திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

புதிய காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜின் பக்கத்துக் குழாய் நட்டைத் தளர்த்தும் அந்தப் பழைய வித்தையைக் காட்டக் கூடாது. 1,000 பாருக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். ஊசி குத்தியதுபோலத் தெரியும் அந்தக் காயத்துக்கு உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கிளம்பிய பிறகு

நம் காரின் ஒயர்கள் இடம் மாறின. பெட்ரோலில் கரையாத உறை போட்டு இணைப்பை மூடினார்கள். கூட்டுக்குள் இருந்த சின்ன ஹோஸையும் பார்த்தார்கள். கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பெட்ரோல் ஹோஸில் ஒரு துண்டை வெட்டி மாட்டுவது பல இடங்களில் நடக்கும். அந்த ஹோஸ் உள்ளே ஓடும் பெட்ரோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தால் ஊறி, உப்பி, சில வாரங்களில் கிளிப்பை விட்டு நழுவும். டேங்குக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸ் தனி ரகம், விலையும் அதிகம்.

சாவியை மூன்று முறை ஆன், ஆஃப். நான்காவது முறை செல்ஃப் கொடுத்ததும் இன்ஜின் பிடித்தது. அழுத்தமானியை மெக்கானிக் உடனே கழற்றவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் கழித்தும் அது 2.5க்கு மேலேயே இருந்தது. அணைத்ததும் சரசரவென்று இறங்கியிருந்தால், பம்பின் ஒருவழி வால்வோ, ரப்பர் வளையமோ, ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டி சூடாக இருக்கும்போது உடனே கிளம்பும். இரவெல்லாம் நின்றுவிட்டுக் காலையில் மட்டும் இரண்டு, மூன்று தடவை செல்ஃப் கேட்கும்.